ஸ்டோர் ரூம் சுவரில் ஒரு பழைய தேவாலயம்

கதவைச் சாத்திவிட்டார்கள். நான் உள்ளே இருக்கிறேன். நெஸ்டர் வெளியே. செல்வமும் வெளியே.

சைரன் ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. ஏறி இறங்கினால் ஆபத்து. ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கியது. இது ஏறி இறங்குகிறது.

"பந்த் கரோ! டேப் லகாவ்! ஜல்தி!"

கதவை மூடு, டேப் ஒட்டு என்று கேம்ப் பாஸ் கத்துகிறார். அவர் மலையாளி. பயம் வந்தால் அவருக்கு இந்திதான் வாயில் வரும். கதவின் நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டுகிறார்கள். கிர்ர். கிர்ர். உள்ளே இருபத்து மூன்று பேர். எல்லோர் முகத்திலும் ஈரத் துண்டு. விஷ வாயு வந்தால் அதுதான் எங்கள் முகமூடி.

என் சட்டைப் பையில் ஒரு போட்டோ இருக்கிறது. அந்தப் போட்டோவைத் தேடித்தான் நெஸ்டர் ரூமுக்கு ஓடினான். நெஸ்டரைக் கூட்டிவரச் செல்வம் ஓடினான். போட்டோ என்னிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரும் போயிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை.

2003 மார்ச். குவைத். ஃபஹாஹீல் பக்கம் எங்கள் தொழிலாளர் கேம்ப். ஈராக் போர் தொடங்கி ஆறாம் நாள். செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால்.

நான் டைல்ஸ் மேஸ்திரி. புதுக்கோட்டைப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. இன்றும் அப்படித்தான். செல்வம் பட்டுக்கோட்டைக்காரன். என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன். என் ஜோடி. நான் கலவை போட்டு மட்டம் பார்ப்பேன். அவன் டைல் வைத்துத் தட்டுவான். மூன்று வருஷம் ஒரே சைட், ஒரே ரூம், ஒரே சட்டியில் சாப்பாடு. கேம்பில் என்னோடு பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

நெஸ்டர் பிலிப்பைன்ஸ்காரன். எலக்ட்ரீஷியன். எதிர் ரூம். என் வயதுதான் இருக்கும். வட்ட முகம். எப்போதும் சிரிப்பு. கேம்ப் முழுவதும் அவனை 'பாரே' என்று கூப்பிடும். அவன் பாஷையில் அது நண்பனைக் கூப்பிடுவது.

முதல் சைரன் வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு. அன்று சைட் இல்லை. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கை சோப்பு நுரையோடு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். அங்கே ஜன்னல் இல்லை. சுவர் ஓரம் டைல் பெட்டிகள். கதவிலும் காற்றுப் போகும் ஓட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தார்கள். ஒருவன் அழுதான். ஒருவன் வாந்தி எடுத்தான். தூரத்தில் 'டும்' என்றது. ஒரு தடவை. டைல் பெட்டிகள் லேசாக அதிர்ந்தன.

அப்போதுதான் நெஸ்டர் எழுந்தான். பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தான். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஓட்டையை மூடிய ஷீட்டின் மேல் ஒட்டினான். கல்லால் கட்டிய தேவாலயம். வாசலில் நெஸ்டர் நிற்கிறான். வெள்ளைச் சட்டை.

"மணிலா. ஓல்ட் ஸ்டோன் சர்ச். மை கன்ட்ரி நம்பர் ஒன் ஓல்ட்."

அவன் சொன்னது எனக்கு முழுதும் புரியவில்லை. செல்வம் தமிழில் சொன்னான். வேறு ஒருவன் இந்தியில் சொன்னான். மணிலாவில் மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒன்று. நானூறு வருஷப் பழசு. அதற்குள் ஏழு தேவாலயங்கள் இருந்தன. உலகப் போர் முடியும் சமயம் அங்கே ஒரு மாதம் குண்டு விழுந்தது. நகரம் தரைமட்டம். ஆறு தேவாலயங்கள் போயின. இந்த ஒன்று நின்றது.

"சிக்ஸ் கலாஸ்," என்றான் நெஸ்டர். "திஸ் ஒன், மாஃபி முஷ்கில்."

ஆறு காலி. இதற்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அந்தப் போட்டோவைப் பார்த்தார்கள். அழுதவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

நெஸ்டர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் ஊரில் ஒரு பழைய இடத்துக்குப் போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது அவன் வழக்கம். அதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். முதலில் தேவாலயம். அடுத்து செபு என்னும் ஊரில் இருக்கும் தெரு. அவர்கள் நாட்டிலேயே பழைய தெரு அதுதான். அதே ஊரில் மூன்று மூலைக் கோட்டை. பிறகு மணிலாவில் சீனக்காரர்கள் குடியிருக்கும் பேட்டை. கடைசியில் பல்கலைக்கழகம். அதற்கும் நானூறு ஆகப்போகிறது என்றான். அதன் முதல் கட்டடம் அந்தப் போரிலேயே போய்விட்டது. படிப்பு மட்டும் வேறு இடத்தில் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வருஷம் சொன்னான். பல்கலைக்கழகத்தை முடிக்கும்போது வெளியே சீரான நீண்ட சத்தம் வந்தது. ஆபத்து நீங்கியது.

அவ்வளவுதான். அது வழக்கமாகிவிட்டது.

வெள்ளி. சனி. ஞாயிறு. சைரன் வரும். ஓடுவோம். துண்டை நனைப்போம். நெஸ்டர் சொல்வான். தேவாலயம், தெரு, கோட்டை, பேட்டை, பல்கலைக்கழகம். மற்றவர்களும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். வங்காளி, நேபாளி, ஆந்திராக்காரர், எங்கள் ஆட்கள். உள்ளே வரும்போது சிலர் போட்டோவைத் தொட்டுவிட்டு வந்தார்கள். கேம்ப் பாஸும் தொட்டார். நான் பார்த்தேன்.

செல்வம் இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. நெஸ்டர் பக்கத்தில்.

"நானூறு வருசம்ணே! நம்ம கேம்ப் கக்கூஸ் நாலு மாசம் தாங்கல."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெட்டியில் பழனி விபூதி இருந்தது. ஒரு பொட்டலம். முதல் நாளே எடுத்து நாலு பேர் நெற்றியில் பூசியிருக்கலாம். கூச்சம். யாரும் கேட்கவும் இல்லை. நெஸ்டரிடம் யாரும் கேட்கவில்லை, அவன் எழுந்து ஒட்டினான். அந்தத் தைரியம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவன் வருஷம் சொல்லும்போது எரியும். செல்வம் அவன் தோளில் கை போடும்போது இன்னும் எரியும். வெளியே ராக்கெட். உள்ளே நான் ஒரு போட்டோவைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். உயிர் போகும் நேரத்தில் மனிதன் இப்படியும் இருப்பான். நான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நெஸ்டர் என்னைக் கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறானே என்று.

"முத்து பாய், யுவர் பிளேஸ்? வாட் ஓல்ட்?"

உன் ஊரில் பழையது எது? எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

என் ஊருக்கு மேற்கே ஒரு குன்று. குன்றைக் குடைந்து ஒரு கோயில். நாலு தூண். உள்ளே லிங்கம். சின்ன வயதில் வெயிலுக்கு ஆட்டோடு அங்கேதான் கிடப்பேன். வாசலில் நீல போர்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்ததே இல்லை. சொல்ல வாய் எடுத்தேன். எத்தனை வருஷம் என்று கேட்டால்? நெஸ்டர் எல்லாவற்றுக்கும் வருஷம் சொன்னான். வருஷம் தெரியாதவன் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

"அவர்கிட்ட என்னத்தக் கேக்குற பாரே," என்றான் செல்வம். "அண்ணன் ஊர்ல பழசுன்னா ரேஷன் கடை போர்டுதான்!"

அதை இந்தியிலும் சொன்னான். ஸ்டோர் ரூமே சிரித்தது. நெஸ்டர் சிரிக்கவில்லை. "நோ, நோ," என்றான். அவன் எனக்காகப் பரிந்தது இன்னும் பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஷீட் கிழிந்துவிட்டது. மாற்றும்படி என்னிடம் சொன்னார்கள். பழைய ஷீட்டைப் பிய்த்தேன். போட்டோ டேப்போடு என் கையில் வந்தது. ஸ்டோர் ரூமில் வேறு யாரும் இல்லை. புது ஷீட்டை ஒட்டினேன். போட்டோவை ஒட்டவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதைக் கிழிக்க நினைக்கவில்லை. வைத்துக்கொள்ளவும் நினைக்கவில்லை. ஒரே ஒரு சைரன். அவன் போட்டோ இல்லாமல் ஒரு சைரன் கழியட்டும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் போட்டோவில் ஒன்றும் இல்லை என்று அப்போது இவர்களுக்குத் தெரியும். பிறகு கொடுத்துவிடலாம். இதுதான் என் கணக்கு.

செவ்வாய். பத்தே கால். சைரன்.

ஓடினோம். நெஸ்டர் சுவரைப் பார்த்தான். வெறும் ஷீட். பர்ஸைத் திறந்தான். பாக்கெட்டைத் தடவினான். "மை ரூம், மை ரூம்," என்றான். ஷீட் மாற்றும்போது யாரோ எடுத்துத் தன் கட்டிலில் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். ஓடிவிட்டான்.

"பாரே! வேணாம்! வா இங்க!"

செல்வம் கத்தினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, தா வந்துர்றேன்." அவனும் ஓடினான்.

என் கை சட்டைப் பை மேல் இருந்தது.

கதவைச் சாத்தினார்கள். டேப் ஒட்டினார்கள். இங்கேதான் நான் இந்த எழுத்தைத் தொடங்கினேன்.

அன்று உள்ளே யாரும் வரிசை சொல்லவில்லை. சொல்கிறவன் வெளியே. சைரன் மட்டும். பிறகு வேறு சத்தங்கள். ஒரு லாரி இன்ஜின் உறுமியது. பின்னால் எடுக்கும்போது வரும் பீப் சத்தம். வேகமாக. ஒரு அலறல். இன்ஜின் நின்றது.

பிறகு கதவு தட்டும் சத்தம்.

"ஓப்பன்! ஓப்பன்! செல்வம்! பிளட்!"

நெஸ்டர் குரல். கேம்ப் பாஸ் கையை விரித்துக் கதவை மறைத்து நின்றார். "நஹி! கேஸ் ஆயேகா!" வாயு வரும், திறக்காதே. மற்றவர்களும் அதையே கத்தினார்கள். நான் கதவுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். தட்டும் சத்தத்தை எண்ணினேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தோன்றவில்லை. பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவது தட்டில் எழுந்தேன். அவரைத் தள்ளினேன். டேப்பைப் பிய்த்தேன். வெளியே வெயில். வாயு இல்லை. எதுவும் இல்லை.

நெஸ்டர் செல்வத்தைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். அவன் வெள்ளை பனியன் சிவப்பாக இருந்தது.

ராக்கெட் இல்லை. தண்ணீர் லாரி. கேம்புக்குத் தண்ணீர் இறக்க வந்தது. சைரன் கேட்டதும் டிரைவர் பயந்து பின்னால் எடுத்திருக்கிறார். சுவருக்கும் லாரிக்கும் நடுவில் செல்வத்தின் கால்.

வலது கால். முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டைல்ஸ் வேலை குத்தவைத்துச் செய்கிற வேலை.

ஆஸ்பத்திரிக்கு நெஸ்டர் தினமும் போனான். நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை போட்டோவை எடுத்துப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். செல்வம் மயக்கம் தெளிந்திருந்தான்.

"அண்ணே, நீங்கதான் கதவத் தொறந்தீங்களாம். பாரே சொன்னான்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் போட்டோவை வெளியே எடுக்கவில்லை.

நெஸ்டர் காரிடாரில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். தன் போட்டோவால்தான் இப்படி ஆனது என்று அழுதான். பெரிய ஆள், சத்தம் போட்டு அழுதான். நான் அவன் முதுகைத் தட்டினேன்.

நான் 2005-இல் குவைத்தை விட்டேன். இப்போது ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரியில் இருக்கிறேன். நெஸ்டர் போர் முடிந்து அடுத்த லீவில் ஊருக்குப் போனான். அதே தேவாலய வாசலில் நின்று மறுபடி போட்டோ எடுத்தான். மூன்று பிரதி போட்டிருக்கிறான். அவனுக்கு ஒன்று. செல்வத்துக்கு ஒன்று. எனக்கு ஒன்று. பின்னால் 'முத்து பாய்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. படித்துக்காட்டச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கதவைத் திறந்தவனுக்காம்.

நானும் லீவில் குன்றுக்குப் போனேன். நீல போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆயிரத்து இருநூறு வருஷம். நெஸ்டர் சொன்ன எல்லாவற்றையும்விடப் பழசு. அன்று தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். செல்வம் சிரித்திருக்க மாட்டான். போர்டுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

செல்வம் பட்டுக்கோட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்குப் போன் செய்வான். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் புத்தகம் படிப்பவன். அதனால் அவன் படிக்கட்டும் என்று இதை எழுதினேன். நெஸ்டருக்கு அவன்தான் இதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கேம்பில் விழுந்த ராக்கெட் ஒன்றும் இல்லை. வாயு வரவில்லை. எங்களில் போரில் இறந்தவர் ஒருவரும் இல்லை.

போனது ஒரு கால். வலது கால். முப்பத்தொரு வயதுக்காரனுடையது. போனது ஒரு ஜோடி, மூன்று வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டது. நெஸ்டரின் சிரிப்பு போனது. அந்த மார்ச்சுக்குப் பிறகு அவன் தேவாலயம், தெரு, கோட்டை என்று வரிசை சொல்லி நான் கேட்டதில்லை.

தொலைந்துபோனதாக எல்லோரும் சொன்னது ஒரு போட்டோ. அது தொலையவில்லை. இதோ மேஜை மேல் இருக்கிறது. ஓரத்தில் டேப் பசை. வேறு கீறல் இல்லை.