பழவேற்காட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்

என் பெயர் பரசுராமன், வயது 51, தகப்பனார் பெயர் அரசப்பன். கும்மிடிப்பூண்டி ரெட்டம்பேடு சாலையில் குடியிருந்து, சிப்காட்டில் ஒரு குழாய்க் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி வருகிறேன். என்னைக் காணவில்லை என்று என் மனைவி திலகவதி நேற்று இரவு கொடுத்த புகார் சம்பந்தமாக, இன்று நானே நிலையத்தில் ஆஜராகிச் சொல்வதாவது:

எனக்கு நிணநீர்ப் புற்றுநோய் உள்ளது. கீமோ கொடுத்து அடங்கிய நோய் இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. அதன் பிறகு, என் உடம்பிலிருந்தே வெள்ளை அணுக்களை எடுத்து, நோயை அடையாளம் கண்டு தாக்கும்படி ஆய்வகத்தில் மாற்றி, எனக்கே திரும்ப ஏற்றும் முறை சோதனையில் இருப்பதாகவும், பலன் நிச்சயமில்லை என்றும் சென்னை மருத்துவமனையில் டாக்டர் அம்மா சொன்னார். நான் சம்மதித்தேன். அதே வார்டில் அதே நோயோடு இருந்த பழவேற்காடு மீன் வியாபாரி அசன் முகைதீன், "நம்மள எலியாட்டம் வெச்சிப் பாக்கறாங்கோ, நான் வரல பரசு" என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார்.

அணுக்களை ஏற்றிய பின் எனக்குக் கடும் காய்ச்சல் கண்டு, நினைவு தடுமாறியது. பக்கத்தில் நின்ற என் மனைவியின் பெயரை நர்ஸ் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திலகவதி தானே தன் பெயரைச் சொல்லி, "நாளைக்குச் சொல்லுவாரு" என்றாள். பிறகு படிப்படியாகத் தெளிந்து வீடு திரும்பினேன்.

நேற்று ஸ்கேன் முடிவு கேட்கத் தனியாகச் சென்றிருந்தேன். டாக்டர் அம்மா படத்தை என் பக்கம் திருப்பி, நோயின் தடயம் எதுவும் இப்போது தெரியவில்லை, ஆனாலும் தொடர்ந்து பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார். வெளியே வந்து திலகவதிக்குப் போன் செய்தேன். "இன்னாங்க, இன்னா சொன்னாங்கோ?" என்றாள். எனக்கு அழுகை முட்டி, பேச்சு வரவில்லை. அதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது.

அதன் பிறகு ரயிலேறி வரும்போது, பக்கத்துச் சீட்டில் ஒருவர் வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். சிகிச்சை ஆரம்பித்ததிலிருந்து சோற்று வாசனைக்கே குமட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்போது பசி எடுத்தது. அசன் பாயை ஓர் எட்டு பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியதால், பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்து பழவேற்காடு சென்றேன்.

பாய் என்னை வாசலில் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் முதலில் சோறு கேட்டேன். அவர் மனைவி மெஹர்னிசா அடுப்பைப் பற்றவைத்து, இறால் வறுத்து, சுடுசோறு போட்டார். நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டபடியே ஸ்கேன் முடிவைச் சொன்னேன்.

"உனக்கு வைத்தியம் கேட்டுச்சி. எனக்குக் கேக்கலன்னா?" என்றார் பாய்.

"கேக்காமயும் போலாம் பாய். எனக்கும் அப்பிடிச் சொல்லித்தான் ஆரம்பிச்சாங்கோ. ஒரு தபா வந்து அந்த டாக்டர் அம்மா வாயால கேளு. அப்பாலிக்கு வேணாம்னா வேணாம்" என்றேன்.

மெஹர்னிசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "திங்கக்கெழம போறோம்ணே" என்றார். பாய் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

பின்னர் போனை சார்ஜில் போட்டுவிட்டு, சற்று நேரம் கோரைப்பாயில் சாய்ந்தவன் விடியும் வரை தூங்கிவிட்டேன். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பேன் என்று நினைத்து அவர்கள் என்னை எழுப்பவில்லை. காலையில் போனைத் திறந்தபோது திரை முழுக்க என் மனைவி அழைத்ததாகத் தகவல்கள் இருந்தன. உடனே பேசினேன். நிலையத்தில் இருப்பதாகச் சொன்னதால் நேராக இங்கு வந்தேன்.

என்னைக் கண்டதும் திலகவதி சட்டையைப் பிடித்து உலுக்கி, "பேசாம போனை வெச்சிட்டியே, ரயில்ல கியில்ல உழுந்துட்டியோன்னு ஸ்டேஷன் ஸ்டேஷனா தேடினேனே" என்று அழுதாள். நான் முடிவைச் சொன்னேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

என்னை யாரும் கடத்தவோ மிரட்டவோ இல்லை. புகாரை முடித்துக்கொள்ளலாமா, என் மேல் வேறு குறை உண்டா என்று சார்பு ஆய்வாளர் கேட்டதற்கு என் மனைவி, "நெறைய கீது சார். அத ஊட்டுல வெச்சிப் பேசிக்கிறேன்" என்று கூறினாள்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் படித்துக் காட்டினார்கள். கூட்டியதும் குறைத்ததும் இல்லை, நடந்தது இதுவே என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. பரசுராமன்