கேசவதாசபுரம் சிக்னலில் இறங்கியவள்

கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "பெண்டாட்டி காரிலேர்ந்து இறங்கிப் போனது எனக்குத் தெரியவே இல்லடே."

"அதெப்படி?"

"பின்சீட்டில்தான் இருந்தா. புது ஸ்பீக்கர் போட்டிருந்தேன் அல்லே. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக்கிட்டே வந்தாளாம், கேக்கல. கேசவதாசபுரம் சிக்னலில் இறங்கிட்டா. பட்டம் ஜங்ஷனில் திரும்பிப் பார்க்கேன், ஆளைக் காணோம்."

"கதவு அடைச்ச சத்தமுமா கேக்கல?"

"அதைப் பாட்டோட பேஸ் அடின்னு நினைச்சேன்."

"கொள்ளாம், நல்லாருக்கு. பாட்டாவது கேட்டுதா?"

"நெஞ்சில வந்து இடிக்கும்டே. கண்ணாடியெல்லாம் அதிரும்."

"சரி, பாடினது ஆணா பெண்ணா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது தெரியாது."

"நல்ல சிஸ்டம். இப்போ அவ எங்கே?"

"நாகர்கோவிலில், அம்மா வீட்டில். நாலு நாளாச்சு. கிழக்கேகோட்டையில் இறங்கி அங்கேதான் போறேன், கூட்டிட்டு வர."

"பஸ்ஸிலயா? கார் என்னாச்சு?"

"காரில் வந்தா கதவைத் திறக்கமாட்டேன்னு நேத்து போனில் சொன்னா."

"கத்தினாளா?"

"இல்லடே. மெதுவாத்தான் சொன்னா." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக் கேட்டுது."