மேல் வரிசைக் கட்டைகள்

முதலாளி: இந்தப் பக்கம் வேணாம். நம்ம கம்பெனி வரலாறுன்னு புத்தகம் போட்டுட்டு உள்ள பொய்யா...

வயரிங்கம்மா: நாப்பது வருஷமா சொன்னதுதானே சார். இப்ப என்ன திடீர்னு?

முதலாளி: "எங்கள் எலக்ட்ரானிக் ஆர்கனின் அலையும் குரல், முதலாளியின் மூன்று வருட ஆராய்ச்சி." மூணு வருஷமாம். மூணு நாள் நான் ஒரு எடத்துல ஒக்காந்திருப்பேனா?

வயரிங்கம்மா: பாதி ஆராய்ச்சி டீக்கடையிலதானே நடந்துச்சு.

முதலாளி: கிண்டல் போதும். நடந்தத எழுதுவோம். மொத ஆர்கன், பாட்டுப் பள்ளிக்கூடத்து ஆர்டர்...

வயரிங்கம்மா: மேல் வரிசைக் கட்டைங்க பூராவுக்கும் நான் சுருதிய நிர்ணயிக்கிற கண்டன்சரத் தப்பா வச்சுப் பத்தவச்சேன். கீழ் வரிசையோட சேத்து வாசிச்சா சுருதி சேராம அலைஞ்சுது. அதானே? எழுதுங்க, எனக்கென்ன வெக்கம்.

முதலாளி: இரும்மா...

வயரிங்கம்மா: வேலைக்குச் சேந்து ஒம்பதாவது நாள். "யார் பாத்த வேலை இது"ன்னு உங்க தொழில் கூட்டாளி சார் கத்துறாரு. நீங்க முன்னால வந்து, "நான்தான் வேணும்னே வைக்கச் சொன்னேன், நூறு பேர் சேந்து பாடுற மாதிரி இல்ல?"ன்னீங்க.

முதலாளி: வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன்.

வயரிங்கம்மா: பாட்டு டீச்சருக்கு அதுதான் புடிச்சுது. இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும்னாங்க.

முதலாளி: அதுலதான் கம்பெனியே நின்னுச்சு.

வயரிங்கம்மா: என் வீடும்தான் சார். ரெண்டு பிள்ளைங்கள ஆளாக்குனது இந்த வேலை. அன்னைக்கு நீங்க காப்பாத்துனத உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்.

முதலாளி: அதச் சொல்லாத... அதான் என்னை அரிக்குது.

வயரிங்கம்மா: எது?

முதலாளி: தப்பு உன்னுது இல்ல. உன் மேசைக்கு வந்த டப்பாவுல தப்பான கண்டன்சரப் போட்டு, 'மேல் வரிசைக்கு'ன்னு சீட்டு எழுதி ஒட்டுனது... நான். உன்னை எங்க காப்பாத்துனேன்? என்னைக் காப்பாத்திக்கிட்டேன். நாப்பது வருஷமா ஓசியில உன் நன்றிய வாங்கிட்டிருக்கேன்.

வயரிங்கம்மா: என் பைய எங்க வச்சேன்...

முதலாளி: பேசும்மா. திட்டவாவது செய்.

வயரிங்கம்மா: இருங்க, பையில... இந்தாங்க.

முதலாளி: என்ன காகிதம், பழுப்பேறிப் போயி... இது... இது என் கையெழுத்துல்ல?

வயரிங்கம்மா: அந்த டப்பாவுல இருந்த சீட்டுதான். "இன்னொரு தப்பு பண்ணா நான் பிரிஞ்சிடுவேன்"னு கூட்டாளி சார் உங்ககிட்ட அன்னைக்குக் காலையிலதான் சொல்லிட்டிருந்தாரு. அவர் கத்தும்போதே, உங்க கையெழுத்து அவர் கண்ணுல படக் கூடாதுன்னு கிழிச்சு இடுப்புல சொருகிட்டேன். என் மேல தள்ளிவிட உங்களுக்கு ஒரு வார்த்தை போதும் சார்... நீங்க சொல்லல. நான் நன்றி சொன்னது அதுக்கு.