கைக்கெட்டும் உயரம்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஐயா. பரவாயில்லை, எங்கள் மாநகராட்சி கேண்டீனில் இதைவிட மோசமாகக் குடித்துப் பழகியவன் நான். கேளுங்கள், சொல்கிறேன். எனக்கு மறைக்கவும் எதுவும் இல்லை, வெட்கப்படவும் எதுவும் இல்லை.

நகரத்தின் குடிநீர்த் தொட்டிகள் எல்லாம் என் பொறுப்பு. ஒரு பைசா நான் தொட்டதில்லை. போன கோடையில் பெரிய குழாய் உடைந்து பாதி நகரம் தொண்டை வறண்டு கிடந்தபோது, தொட்டி ஏணிகளை மாற்ற வைத்திருந்த ஆட்களை எல்லாம் குழாய் வேலைக்குத் திருப்பிவிட்டவன் நான்தான். தண்ணீர் வந்தது. மேயர் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, "ஏணி வேலையும் முடிஞ்சுதுல்ல?" என்றார். "முடிஞ்சுது சார்" என்றேன். மாலையும் கழுத்துமாக நிற்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது? சொன்னதையே ஆண்டறிக்கையிலும் எழுதினேன். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று இருக்கிற ஆள் நான் இல்லை.

பழைய தணிக்கைக்காரர்கள் தங்கமான மனிதர்கள். மேயரே நியமித்தவர்கள். என் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நாலு பக்கம் புரட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக வந்த இந்தத் தணிக்கையம்மா அப்படி இல்லை. அரசாங்கம் நேரடியாக அனுப்பியவர். மேயராலும் அவரை நீக்க முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பார்த்ததை நேராக மாமன்றக் கூட்டத்தில், ஜனங்கள் முன்னால் வாசிப்பார். கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். பாலத்துக் கைப்பிடியோ, பள்ளிக்கூடச் சுவரோ, தட்டிச் சத்தம் கேட்காமல் நகரமாட்டார். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் சுத்தியலம்மா. ஒரு பள்ளிச் சுவரை அப்படித் தட்டியே இடிக்க வைத்தார். இடித்துப் பார்த்தால் உள்ளே கம்பியே இல்லை. நல்ல காரியம்தான், நான் மறுக்கவில்லையே.

அடுத்து அவர் பார்க்கப்போவது சந்தைத் தொட்டி என்று என் காதுக்கு எட்டியது. அங்கே ஏணி துருப்பிடித்துப் போயிருந்தது. கையிருப்புக் கம்பி பாதி ஏணிக்குக்கூடக் காணாது. மேலே கேட்டால், முடிந்த வேலைக்கு எதற்கு ஐயா கம்பி என்பார்கள். அதனால் இருந்ததை வைத்துக் கீழ்ப்படிகளை மட்டும் மாற்றினேன். தட்டுகிறவர் கைக்கெட்டும் வரைதானே தட்டப்போகிறார்? மேலே உள்ளவற்றுக்குப் பச்சைப் பெயின்ட். முழு ஏணியும் ஒரே நிறம். நானே சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன், கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருந்தது.

அவர் வந்தார். கீழ்ப்படிகளைத் தட்டினார். கணீரென்று சத்தம். தலையை ஆட்டிக்கொண்டார். நான் தேநீருக்கு ஆள் அனுப்பினேன்.

"மேல மூடியையும் ஒரு பார்வை பாத்துடறேன்" என்றார். தொட்டி மூடி இறுக்கமாக இல்லையென்றால் பறவை விழும், அந்தத் தண்ணீரைத்தான் குழந்தைகள் குடிக்கும் என்றார்.

"எதுக்கும்மா சிரமம்? எல்லாம் அறிக்கையில இருக்கே."

"அறிக்கையப் படிச்சிட்டுத்தாங்க வந்திருக்கேன்" என்று சிரித்தார். "மேல்படி எல்லாம் மாத்தியாச்சா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமாம். சொல்லியிருந்தால் மேயரிடம் சொன்னது பொய், அறிக்கை பொய், இத்தனை வருடம் நான் காப்பாற்றிய பெயர் பொய். "மாத்தியாச்சும்மா" என்றேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். நான் கை வைத்துத் தள்ளவில்லை. தானே பார்க்க வேண்டும் என்றவரைப் பார்க்க விட்டேன், அவ்வளவுதான். சுத்தியல்தான் முதலில் விழுந்தது.

விபத்து, ஐயா. கீழ்ப்படியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நான் முழுக்க நம்பியிருந்தேன். அவர் ஏறுவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. எந்த நீதிமன்றத்திலும் வந்து இதையே சொல்வேன்.

வால்வு பார்க்கிறவன் உங்களிடம் என்ன சொன்னான் என்பதும் தெரியும். தணிக்கைக்கு யார் வந்தாலும் வழிகாட்ட அவன்தான் முன்னால் ஏறுவான். அன்று காலை அவனைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீ ஏறாதே, முட்டி வலின்னு சொல்லிடு" என்றது நான்தான். அதை மறுக்கவில்லை. அதில் என்ன தப்பு கண்டீர்கள்? அவன் என் தங்கச்சி புருஷன், ஐயா. தெரிந்தே அவனை அதில் ஏற்றுவேனா?