ஒரு மணிக்கு வர்ற விருந்தாளி

— இன்னும் திருப்பாதீங்க மாமா. கை வைக்காதீங்கன்னா...

— அடியில ஒட்டிக்கப் போகுதும்மா.

— ஒட்டாது. செவந்து வந்தா அதுவே சட்டியை விட்டுரும். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், ஒரு கோழித்துண்டுக்கு இப்படிப் பதறலாமா?

— லிஃப்ட்டுன்னா பட்டனை அமுக்கினா தெரிஞ்சிடும். கோழி வாயைத் தொறந்து சொல்லுமா?

— சொல்லும். சத்தத்தைக் கேளுங்க. சடசடன்னு இருந்தது... இப்ப சின்னதாயிடுச்சு பாருங்க. ம், இப்ப திருப்புங்க.

— அடேயப்பா! என்னமா வந்திருக்கு!

— தட்டி மெலிசாக்கினோம்ல, சீக்கிரம் வெந்துரும். அந்தப் பக்கமும் செவந்ததும் தட்டுல எடுத்து வைங்க... ஆங், போதும். இப்ப சட்டியில அந்த ஒயிட் ஒயினை அரை கிளாஸ் ஊத்துங்க.

— அரை கிளாஸா! குடிக்கறதுக்கு வாங்கினதும்மா.

— குடிக்கறதையே ஊத்தினாத்தான் ரெண்டும் ஒத்துப்போகும். ஊத்திட்டு அடியில பிடிச்சதைக் கரண்டியால சுரண்டி விடுங்க. ருசியே அதுலதான்.

— ம்ம்ம்... இந்த வாசனையில அப்படியே படுத்துத் தூங்கலாம் போல இருக்கு.

— மீசையைத் தள்ளி வைங்க மாமா, வெந்துரும்.

— கடைக்காரர் சொன்னாரும்மா. இப்படி லேசா சமைச்ச கோழிக்கு ரெட் ஒயின் வேண்டாமாம், கோழி இருக்கற இடமே தெரியாமப் போயிடுமாம். எலுமிச்சம்பழம் பிழியறதா இருந்தா, ஒயின் அதைவிட ஒரு படி கூடப் புளிக்கணுமாம். இல்லேன்னா வெறும் தண்ணி குடிச்ச மாதிரி ஆயிடுமாம்.

— கடைக்காரர்கிட்ட இவ்வளவு பேசியிருக்கீங்க. வர்றது யாருன்னு என்கிட்ட சொல்ல மட்டும் வாய் வரல.

— சொன்னேனே... தெரிஞ்சவங்க.

— தெரிஞ்சவங்களுக்கா சட்டையை ரெண்டு தடவை இஸ்திரி போட்டீங்க? உங்க பையனையும் பேத்தியையும் சினிமாவுக்குத் துரத்திவிட்டுட்டு?

— பூண்டு போதும், போதும்! ஒரு பல்லுக்கு மேல அவங்களுக்கு ஆகாது.

— ஓஹோ... 'அவங்களுக்கு'.

— சிரிக்காதே.

— சிரிக்கல. எப்படிப் பழக்கம்? ஒயின் வத்தற வரைக்கும் நேரம் இருக்கு, சொல்லுங்க.

— நீச்சல் குளத்துல.

— நீங்க நீந்தினீங்களா!

— போம்மா... சனிக்கிழமை பேத்தியைக் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்ல, அங்க பெஞ்சுல. அவங்களும் என்னை மாதிரி தனி ஆளுதான், பேத்தி நீந்தறதைப் பார்க்க வருவாங்க.

— ம்ம்.

— ஜன்னல் வழியா வெயில் தண்ணியில விழுந்து, மேல கூரையில போய் ஆடும்... சின்னச் சின்ன வெளிச்சமா. அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். பெருசா ஒண்ணும் பேச மாட்டோம். ஒருநாள் ரெண்டு பேருமே தூங்கிட்டோம்மா. முழிச்சுப் பார்த்தா அவங்க தலை என் தோள்ல.

— அப்புறம்?

— நான் அசையல. விசில், பிள்ளைங்க கூச்சல் எல்லாம் எங்கேயோ தூரத்துல... தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. உன் அத்தை போய் ஆறு வருஷமாச்சு. இன்னொருத்தர் தூக்கம் கலையக்கூடாதேன்னு அன்னைக்குத்தான் மூச்சை மெதுவா விட்டேன்... என்னம்மா, கண்ணைத் துடைக்கறே?

— ஒண்ணுமில்ல. வெங்காயம்.

— வெங்காயம் எங்கே போட்டோம்?

— ...வெண்ணெயைப் போடுங்க மாமா. அடுப்பைக் குறைங்க. சட்டியைப் பிடிச்சு மெதுவா சுத்துங்க. இன்னும் மெதுவா...

— இன்னைக்கு அவங்ககிட்ட கேக்கப் போறேம்மா. மிச்ச காலத்துக்கும் கூடவே இருக்கீங்களான்னு. இந்த வயசுல இதென்ன கூத்துன்னு நினைப்பே.

— நினைக்கல.

— மாட்டேன்னுட்டாங்கன்னா சனிக்கிழமை பெஞ்சும் போச்சு. அதான் பயமா இருக்கு.

— எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, சட்டியில இருக்கறதைக் கோழி மேல ஊத்திட்டு இப்படி உக்காருங்க. ஒரு வாய் கோழி, ஒரு வாய் ஒயின்... எப்படி?

— ஆஹா... ஒண்ணு ஆரம்பிச்சதை இன்னொண்ணு முடிச்சு வைக்குதும்மா. கண்ணைத் தொறக்கவே மனசு வரல.

— தொறக்காதீங்க. அப்படியே இருங்க. ஒண்ணு கேக்கவா?

— கேளு.

— அவங்க பேத்தியும் உங்க பேத்தியும் ஒரே பொண்ணுதானே மாமா?

— அது... இரும்மா, இன்னொரு வாய் ஒயின் குடிச்சுக்கறேன்.

— வர்றது எங்கம்மாதானே?

— அம்மாடி... ரெண்டு மாசமா சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். உன் முகத்தைப் பார்த்தா வேற ஏதாவது பேசிட்டுப் போயிடுவேன். சம்பந்தியைப் போய் இப்படி... அப்புறம் என் பையன் உனக்கு என்ன முறைன்னு ஊரே கேக்குமே!

— அதை யோசிச்சு நேத்து நானே தனியா உக்காந்து சிரிச்சேன்.

— நேத்தா? நேத்தே தெரியுமா உனக்கு?

— அம்மா போன் பண்ணினாங்க. ஆனா அவங்களைப் பத்தி நீங்க எப்படிப் பேசறீங்கன்னு உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டுட்டேன். போதும் எனக்கு.

— அவங்க... என்ன சொன்னாங்க?

— பெல் அடிக்குது மாமா.

— ஐயையோ, ஒரு மணியா! சட்டையெல்லாம் வெண்ணெய்... நீ சொல்லும்மா, என்ன சொன்னாங்க?

— அழுதாங்க. 'அவர் கேப்பாருன்னு தெரியும், ஆசையாத்தான் இருக்கு, ஆனா என் பொண்ணை நாலு பேர் ஒரு சொல் சொல்லிடக் கூடாது, மாட்டேன்னு சொல்லத்தான் போறேன்'னாங்க... நீங்க இருங்க மாமா. கதவை அந்தப் பொண்ணு நானே தொறக்கறேன்.