பேட்டரிக்கு வைத்த பொட்டு

“பேட்டரிக்கு எவனாவது பொட்டு வெப்பானா?”

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த பட்டு வேட்டிக்காரர் மனைவியிடம் கேட்டார். அவர் கையில் கார் ரிமோட் சாவி இருந்தது.

“புதுசா வாங்கியாந்து டேபிள் மேல வெச்ச. புதுசுன்னா மஞ்சா குங்குமம் வெக்காம எப்டி?”

“நானும் கண்ணாடி போடாம அப்டியே எடுத்து சாவிக்குள்ள மாட்டிட்டேன். இப்ப கார் தொறக்கல. வளையலு, சீர்த்தட்டு எல்லாம் உள்ள கீது. தங்கச்சி வளைகாப்புக்கு அண்ணங்காரன் வெறுங்கைய வீசிகினு போறேன்.”

அவர் சாவியை நகத்தால் பிளந்து, வட்டப் பேட்டரியை எடுத்து வேட்டி நுனியில் அழுத்தித் துடைத்தார். வேட்டியில் சிவப்பு ஒட்டியது. மறுபடி மாட்டிப் பொத்தானை அமுக்கினார். சாவியில் சின்ன விளக்கு எரிந்தது.

“பாத்தியா? எல்லாம் உன் பொட்டு பண்ண வேல.”

“கார் தொறந்துகிச்சா?”

“கார் சேக்காட்டுல ஊட்டாண்ட கீது. இங்கேர்ந்து அமுக்குனா எப்டிம்மா தொறக்கும்?”

அந்த அம்மாள் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“பழைய பேட்டரிக்கு நான் பொட்டே வெக்கல. அது ஏன் செத்துச்சி?”

அவர் வேட்டிக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தார்.