பாவாயி திறந்த கடைசிப் பெட்டி

ரொம்ப காலத்துக்கு முந்தி, மலாய் நாட்டுப் பேராக் சீமையில, மெலூர்த் தோட்டம்னு ஒரு பால்மரத் தோட்டம், அதான் ரப்பர் தோட்டம், இருந்துச்சு. முன்னால ஆறு, பின்னால மலை, நடுவுல கம்பிச்சடக்கு. அந்தக் கம்பிச்சடக்குல போற ரயில் எல்லாம் அங்க நின்னு தண்ணி குடிக்கும். கூன்னு வரும், புஸ்ஸுன்னு நிக்கும், தொட்டித் தண்ணிய மடமடன்னு குடிக்கும், அப்புறம் போவும்.

அந்தத் தோட்டத்துலதான் பாவாயி இருந்தா. நாமக்கல் பக்கத்துலேருந்து கப்பலேறி வந்தவ. ஆளு குள்ளம், கை மட்டும் முறுக்குக் கம்பியாட்டம் இருக்கும்னு சொல்லுவாங்க. அவ புருசன் பேரு சடையன். ரெண்டு பேரும் ஒரே நெரையில மரம் வெட்டி, பட்டையக் கீறிப் பால் எடுத்தவங்க.

அப்பத்தான் ஜப்பான்காரன் வந்தான். சைக்கிள்ல வந்தானாம். வெள்ளைக்காரத் தொர கட்டியிருந்த நாயக்கூட அவுத்து விடாம காரெடுத்துக்கிட்டு ஓடிட்டான். அந்த நாயப் பாவாயிதான் அவுத்து விட்டாளாம். பால் எடுக்குற வேலை நின்னுபோச்சு. அரிசி போச்சு, மரவள்ளிக்கெழங்கு வந்துச்சு. பொம்பளைங்கள எல்லாம் கம்பிச்சடக்கு ஓரத்துல புல்லுவெட்ட விட்டான். ஆம்பளைங்கள என்ன பண்ணான்? அதுதான் கதை.

ஒரு நாளு டவுன் திடல்ல ஓசியில படம் காட்டுறோம், வந்தா அரிசி குடுக்குறோம்னு தமுக்கடிச்சாங்க. அரிசின்னதும் சனங்க வாயப் பொளந்துக்கிட்டு போச்சு. சடையனும் போனான். "ஒரு படி கெடச்சாலும் கஞ்சி காச்சலாம் புள்ள"ன்னு சொல்லிட்டுப் போனானாம். போனவங்கள உள்ள விட்டு, சுத்தி வேலியடச்சு, துப்பாக்கிய நீட்டிட்டான். படமும் இல்ல, அரிசியும் இல்ல. சயாம் காட்டுல ரயில் போட ஆள் வேணுமாம். அத்தன பேரையும் சரக்குப் பெட்டியில ஆடுமாடு மாதிரி அடச்சுட்டான்.

சேதி தோட்டத்துக்கு வந்துச்சு. பொம்பளைங்க ஓன்னு ஒப்பாரி வச்சாங்க. பாவாயி அழுவலியாம். "சயாமுக்குப் போற வண்டி நம்ம தொட்டியில நின்னுதானே ஆவணும்?"ன்னு மட்டும் கேட்டாளாம்.

மறுநாளு உச்சிவெயில். கூன்னு வந்துச்சு, புஸ்ஸுன்னு நின்னுச்சு. அஞ்சு இரும்புப் பெட்டி. பெட்டிக்குள்ளேருந்து "தண்ணி, தண்ணி"ன்னு சத்தம். காவலுக்கு மூணு ஜப்பான்காரன். ரெண்டு பேரு நெழல்ல ஒக்காந்து சாப்பிடப் போயிட்டான். ஒருத்தன் மட்டும் துப்பாக்கியோட நடக்குறான்.

பாவாயி கொடத்த இடுப்புல வச்சா. புல்லுவெட்டுற அருவாளக் கொசுவத்துல சொருவுனா. நேரா அவன்கிட்ட போனா. "மிஸூ, மிஸூ"ன்னா. ஜப்பான் பேச்சுல தண்ணின்னு அர்த்தம். அவளுக்கு அந்த ஒரு சொல்லுதான் தெரியும். அவன் இவளப் பாத்தான், கொடத்தப் பாத்தான், போன்னு தலையாட்டுனான்.

கதவு ஒரு சாண் தெறந்து, சங்கிலி போட்டிருந்துச்சு. அந்தச் சந்து வழியா தண்ணி ஊத்துனா. மொதப் பெட்டியில கைதான் தெரிஞ்சுது, மொகம் தெரியல. ரெண்டாம் பெட்டிக்குப் போனா. நீண்ட கையில கட்டவிரல் நகம் செதஞ்சிருந்துச்சு. அது பால்கத்தி பட்ட நகம். அவளுக்குத் தெரியாதா?

"மாமா!"

"பாவாயியா? இங்க நிக்காத புள்ள. காவக்காரன் பத்தடியில நிக்கிறான்."

"அந்தாண்டப் பக்கமும் கதவிருக்கு மாமா. நான் போயித் தெறக்குறேன். குதிச்சுரு."

"தெறந்தா அத்தன பேரையும் சுட்டுப் பொசுக்கிருவான். கடைசிப் பெட்டிக்குப் போ. அது வளைவுல நிக்குது. அவன் கண்ணுக்கு எட்டாது."

"உன்ன விட்டுட்டா?"

சடையன் சொன்னானாம்: "அந்தப் பெட்டியில இருக்குறவனும் ஒருத்திக்கு மாமன்தான் புள்ள. போ."

போனாளே! மூணாம் பெட்டிக்குத் தண்ணி ஊத்துனா. நாலாம் பெட்டிக்குத் தண்ணி ஊத்துனா. கடைசிப் பெட்டிகிட்ட வந்ததும் கொடத்த எறக்கி வச்சா. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல குனிஞ்சு, கொக்கிக்குக் கீழ பூந்து, அந்தாண்டப் பக்கம் போயிட்டா. அங்க கதவு முழுசா சாத்தியிருக்கு. தாழ்ப்பாளுக்கு மேல கம்பி சுத்தியிருக்கு. கம்பிய அருவாள் முனையால நெம்பிப் பிரிச்சா. தாழ்ப்பாள் வரல. துருப்பிடிச்சுப்போயி இறுகிக் கெடக்கு. அருவாள் பின்பக்கத்தால அடிச்சாத்தான் அசையும். அடிச்சா டங்குன்னு ஊருக்கே கேக்கும்.

இஞ்சின்ல இருந்தவரு டெரிஸ்னு ஒரு மலாய்க்காரரு. வண்டி வளைவுல நின்னதால, எட்டிப் பாத்தா அவருக்குக் கடைசிப் பெட்டி தெரியும். பாத்தாரு. ஒரு பொம்பள அருவாள ஓங்கிக்கிட்டு அடிக்காம நிக்கிறா. மனுசனுக்குப் புரிஞ்சுபோச்சு. கயித்தப் புடிச்சு இழுத்தாரு.

கூ...ன்னுச்சு இஞ்சின். டங்குன்னு போட்டா பாவாயி.

கூ...ன்னுச்சு. டங்கு!

காவக்காரன் "பாக்கேரோ"ன்னு திட்டிக்கிட்டே இஞ்சின்கிட்ட ஓடுனான். டெரிஸ் என்ன சொன்னாராம் தெரியுமா? வயித்தத் தடவிக் காட்டி, "இஞ்சினுக்கு வயிறு உப்புசம் ஐயா, காத்துப் பிரியுது"ன்னாராம்! சொல்லிக்கிட்டே ஆவியத் தொறந்து விட்டாரு. புஸ்ஸுன்னு வெள்ளையா வந்து காவக்காரன் மேல மூடுச்சு. அவன் இருமுறான், கண்ணக் கசக்குறான். மூணாந்தடவ கூ...ன்னுச்சு. டங்கு! தாழ்ப்பாள் இறுக்கம் விட்டு வழுக்கிக்கிட்டு வந்துருச்சு.

உள்ள முப்பத்தோரு பேரு. வெளிச்சத்தப் பாத்ததும் அசையாம நிக்கிறாங்க. முன்னால நின்னவன் தொப்பளான், ஆனை மாதிரி ஆளு. "எங்க தாயி போறது?"ன்னு கேக்குறான்.

"மலையப் பாத்துப் போ. அடிவாரத்துல சீனங்க காய்கறித் தோட்டம் இருக்கு. கம்பிச்சடக்கத் திரும்பிப் பாக்காத."

ஒருத்தர் பின்னால ஒருத்தர் எறங்குனாங்க. நடக்க முடியாத ரெண்டு பேரத் தொப்பளான் ஆளுக்கொரு தோள்ல போட்டுக்கிட்டான். லாலான் புல்லு ஆள் ஒசரம். உள்ள பூந்தாங்க, புல்லு மூடிக்கிச்சு.

வேற ஒருத்தியா இருந்தா அவளும் ஓடியிருப்பா. பாவாயி கதவ இழுத்துச் சாத்துனா. தாழ்ப்பாளப் போட்டா. பழையபடி கம்பியச் சுத்துனா. கொக்கிக்குக் கீழ பூந்து வந்து, கொடத்த எடுத்துக்கிட்டு, ரெண்டாம் பெட்டிக்கு மறுபடியும் தண்ணி ஊத்தப் போனா.

"கதவச் சாத்திட்டேன் மாமா"ன்னா.

"நல்லது புள்ள"ன்னான் சடையன். வண்டி கெளம்பிருச்சு.

எல்லையில போயி கடைசிப் பெட்டியத் தெறந்தான் ஜப்பான்காரன். தாழ்ப்பாள் போட்டபடி இருக்கு, கம்பி சுத்துனபடி இருக்கு, உள்ள ஒரு ஈ காக்கா இல்ல! மூணாம் நாளு ஒரு பெரிய அதிகாரி, இடுப்புல நீளக் கத்தியோட தோட்டத்துக்கு வந்துட்டான். அந்தக் காவக்காரனையும் கூட்டியாந்தான். பொம்பளைங்கள வரிசையா வெயில்ல நிக்க வச்சான். தமிழ் தெரிஞ்ச ஒருத்தன விட்டுக் கேட்டான்: "வண்டிகிட்ட போனது யாரு?"

பாவாயி முன்னால வந்தா. "நான்தான் போனேன். தண்ணி குடுத்தேன். நிக்கிறாரே, இவரு விட்டுத்தான் போனேன். இவரு கண்ணு முன்னாலதான் குடுத்தேன். இவரக் கேளுங்க."

அதிகாரி காவக்காரனத் திரும்பிப் பாத்தான். காவக்காரனுக்கு வேர்த்துக் கொட்டுது. நான் கவனிக்கலன்னு சொன்னா கழுத்துல தலை நிக்காது. அவன் வெறச்சு நின்னு, "ஆமா, நான் ஒரு நிமிசம்கூட கண்ண எடுக்கல. இவ தண்ணிதான் குடுத்தா"ன்னு சத்தமா சொன்னான். அதிகாரி பாவாயி கன்னத்துல ஒண்ணு விட்டான், காவக்காரனுக்கு ரெண்டு விட்டான், போயிட்டான். ஒண்ணு வாங்குனவ சிரிச்சாளாம், ரெண்டு வாங்குனவன் அழுதானாம். அப்படித்தான் சொல்லுவாங்க.

அந்த முப்பத்தோரு பேரும் சீனங்க தோட்டத்துலயும் மலைக்காட்டுலயும் கெழங்கு நட்டுத் தின்னு பொழச்சாங்க. ஜப்பான்காரன் தோத்து ஓடுனான். ஆனா சயாமுக்குப் போன மத்த நாலு பெட்டி ஆளுங்கள்ல பாதிப் பேரு திரும்பல. காய்ச்சல்லயும் காலராவுலயும் அங்கேயே மண்ணாப் போனாங்க. அதையும் சொல்லாம விடக்கூடாது.

ஜப்பான்காரன் ஓடுன மறுவருசம் பொறந்தப்ப ஒரு ரயில் வந்துச்சு. கூன்னு வந்துச்சு, புஸ்ஸுன்னு நின்னுச்சு. சடையன் எறங்குனான். காஞ்ச சுள்ளி மாதிரி இருந்தான். எறங்குனவன் அப்படியே நின்னுட்டான். ஏன்னா முப்பத்தோரு பேரும், அவன் வர்ற சேதி கேட்டு, பொண்டாட்டி புள்ளைங்களோட, மேளத்தோட வந்து நிக்கிறாங்க! தொப்பளான் அவனத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான். தோள்ல இருந்தபடியே சடையன் சொன்னானாம்: "அன்னிக்கு வண்டி கெளம்பும்போதே தெரிஞ்சுது. பாரம் கொறஞ்சு, லேசா ஓடுச்சு. சயாம்ல ஒவ்வொரு கட்டை தூக்குறப்பவும் அந்த லேச நெனச்சுக்கிட்டேன்."

பாவாயி அன்னிக்குத்தான் அழுதாளாம். ஆத்தோரம் வரைக்கும் கேட்டுச்சாம்.

அந்த வருசம் மாரியம்மன் திருவிழாவுல சாப்பாட்டுப் பந்தி போட்டாங்க. எலை போட்டு, சோத்துக் கூடையோட தலைவாசல் பக்கமிருந்து பரிமாற வந்தாங்க. தொப்பளான் எழுந்து கூடையப் புடுங்கிக்கிட்டான். "இந்தத் தோட்டத்துல கடைசியிலேருந்துதான் ஆரம்பிக்கணும்!"னு சொல்லி, பந்தி மூலைக்குப் போயி, கடைசி எலைக்கு மொதல்ல தண்ணி தெளிச்சு, மொதச் சோத்த அங்கதான் வச்சான்.

அன்னிலேருந்து மெலூர்க்காரங்க எங்க பந்தி போட்டாலும் அப்படித்தான். கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, கடைசி எலைக்குத்தான் மொதச் சோறு. அதுக்குப் பேரே பாவாயி எலை. தோட்டத்த வித்தாச்சு, சனங்க டவுனுக்குப் போயாச்சு, மண்டபத்துல கல்யாணம் நடக்குது. பெரிய மனுசங்க முன்வரிசையில ஒக்காந்து கையப் பெசைஞ்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க. மூலையில, தூண் மறைவுல, தெரியாத ஆளா ஒருத்தன் ஒக்காந்திருப்பான் பாருங்க, வாளி நேரா அவன்கிட்டதான் போவும்.